ஆட்டு வூட்டுக்குக் கதவு எண்

பிப்ரவரி முடியும்போது என் கைப்பேசிக்கு ஒரு கோப்பு வந்தது. எங்கள் பேரூராட்சியின் உத்தேச வரவு செலவுத் திட்டம். அனுப்பியவர் தினேஷ். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதிக்கு நிருபராக வந்தவர். கோப்போடு ஒரு குரல் பதிவும் இருந்தது.

"சார், பட்ஜெட் வந்துடுச்சி. இதுல இன்னா நியூஸ் இருக்குதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. கூட்டத்துக்கு நான் போகப்போறதில்ல சார். எப்படியும் ஆல் பாஸ்தானே."

அவர் சொன்னது உண்மைதான். மன்றக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எழுத்தர் பொருள் எண்ணைப் படிக்கத் தொடங்குவார். முதல் பொருள் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் "ஆல் பாஸ்" என்பார். மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஊரின் ஓர் ஆண்டு வரவும் செலவும், வீட்டு வரியும் கடை வரியும் குடிநீர்க் கட்டணமும் அந்தத் தட்டலில் நிறைவேறிவிடும். பிறகு போண்டாவும் டீயும் வரும். போண்டா ஆறுவதற்குள் கூட்டம் முடிந்ததாகத்தான் எனக்கு நினைவு.

நிருபர்கள் சங்க மலருக்கு அனுபவம் எழுதித் தரும்படி தினேஷ் ஏற்கெனவே கேட்டிருந்தார். பட்ஜெட் மாதம் வந்தால் எனக்கு இன்னும் வீட்டில் கால் தரிப்பதில்லை. காலையில் பேருந்து நிலையம் வரை நடக்கிறேன், திரும்புகிறேன், மறுபடி நடக்கிறேன். இப்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கோப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். போளூருக்குப் பேருந்து ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடலாம். வார்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை சமவெளியில். கடைசி வார்டு மட்டும் மலைமேல், சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே சாமை, கேழ்வரகு, புளி. கீழே கடைகள், அரிசி ஆலை, கோயில், எங்கள் மாதா கோயில், அரசு அலுவலகங்கள். இந்த ஊரிலிருந்துதான் ஒரு நாளிதழுக்கு நான் செய்தி அனுப்பினேன். ஆரம்பத்தில் பேருந்து நடத்துநரிடம் உறையைக் கொடுத்தனுப்புவேன். பிறகு தொலைபேசியில் படித்துச் சொன்னேன். பிறகு ஃபேக்ஸ், பிறகு மின்னஞ்சல். இவ்வளவுதான் என் பயிற்சி. மீதியைக் கோதண்டம் சார் கற்றுக்கொடுத்தார்.

கோதண்டம் சார் வேலூர் அலுவலகத்தில் மாவட்டச் செய்திகளுக்குப் பொறுப்பாளர். தொலைபேசியில் பேசும்போது வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டே இருப்பார். செய்தியை நான் படிக்கப் படிக்க அந்தப் பக்கம் தோல் நொறுங்கும் சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும்வரை பயமில்லை. நின்றுவிட்டால் நான் எங்கோ தவறிவிட்டேன் என்று பொருள். நானும் நிறுத்திவிடுவேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்குள் என் தவறை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் எழுதிய முதல் பட்ஜெட் செய்தியில் "வரி உயர்கிறது" என்று தொடங்கியிருந்தேன். சத்தம் நின்றது.

"யாருக்கு?" என்றார்.

"சார்?"

"வரி உயருதுன்னு எழுதியிருக்கே அந்தோணி. யாருக்கு உயருது? வூட்டுக்காரனுக்கா, கடைக்காரனுக்கா, வாடகைக்குக் குடியிருக்கிறவனுக்கா? எல்லாருக்கும்னா எவனும் படிக்கமாட்டான். உனக்குத்தான்னு சொல்லு, படிப்பான்."

அன்று மறுபடியும் பேரூராட்சி அலுவலகம் போய்க் கேட்டேன். கடைகளுக்கு மட்டும்தான் உயர்வு. அதன்பிறகு எந்தப் பட்ஜெட்டைக் கையில் எடுத்தாலும் என் காதில் அந்த ஒரு சொல்தான் கேட்கும். யாருக்கு?

அவர் வைத்திருந்த விதிகள் இன்னும் சில உண்டு. செலவுப் பக்கத்தை முதலில் படி. "வரவுப் பக்கம் ஆசை, செலவுப் பக்கம் வழக்கம்" என்பார். ஓர் ஊர் எப்படிப்பட்டது என்று வழக்கத்தைப் பார்த்தால்தான் தெரியுமாம். இன்னொன்று, 'உத்தேச' என்ற சொல்லை இடமில்லை என்று வெட்டாதே. நிறைவேறாத வரியை நிறைவேறியதாக எழுதினால் சந்தையில் விலை ஏறிவிடும். மூன்றாவது, யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவரிடம் கேட்டுவிட்டு எழுது. அவர் சொன்னது உனக்குப் பிடிக்காவிட்டாலும் எழுது. இந்த மூன்றாவது விதி சுலபமானது என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு சொத்து வரியைத் திருத்தினார்கள். எல்லாக் கட்டடங்களையும் புதிதாகக் கணக்கெடுக்க ஓர் ஒப்பந்தக் குழு வந்தது. கையில் கருவியும் கழுத்தில் அட்டையுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். கீழே வேலை முடிந்ததும் மலை வார்டுக்கும் போனார்கள். அதை ஒட்டித்தான் அந்த ஆண்டு உத்தேச பட்ஜெட் தயாரானது. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மல்லிகா கூப்பிட்டார்.

மல்லிகா அப்போது மலை வார்டின் கவுன்சிலர். சாமை விவசாயி. புளிக் காலத்தில் வாரச் சந்தைக்கு மூட்டையோடு வருவார். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் ஒரு கொக்கி இருக்கும்.

"அண்ணே, எங்க ஊர்ல ஆட்டுக்கு வரி போட்டுட்டாங்க."

"ஆட்டுக்கா?"

"வந்து பாருங்க. நான் சொன்னா சிரிப்பீங்க. காளி மாமன் சிரிக்கல."

மறுநாள் காலை மினி பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலே நடக்க வேண்டும். வழியில் பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறிப்போய், பேசி, திரும்பி இறங்கும்போது அவர்களில் சிலர் இன்னும் பாதி ஏற்றத்தில்தான் இருந்தார்கள். அதை அன்று குறித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

காளி மெலிந்த மனிதர், பேச்சில் கெட்டிக்காரர். மழையில் ஒரு பக்கச் சுவர் இடிந்துபோன மண் வீட்டில் இருந்தார். மேலே புல் கூரை. இடிந்த பக்கத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. பக்கத்திலேயே, நல்ல தகர ஷீட் போட்டு, கம்பு அடைத்து ஒரு கொட்டகை. இன்னொரு பக்கம் தரையிலிருந்து தூக்கிக் கட்டிய சின்ன தானியக் கொட்டகை. மூன்றின் முகப்பிலும் புதுப் பெயின்டில் எண் எழுதியிருந்தது.

"இது இன்னா?" என்று தகரக் கொட்டகையைக் காட்டினேன்.

"ஆட்டு வூடு."

"அது?"

"சாமை வூடு."

"இதையேதான் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இன்னா வூடுன்னு கேட்டாங்க, சொன்னேன். ஆட்டு வூட்டை ஆட்டு வூடுன்னு சொல்லாம அரண்மனைன்னா சொல்லுவாங்க?"

மலையில் கூரை போட்ட எதுவும் வூடுதான். மாட்டு வூடு, ஆட்டு வூடு, சாமி வூடு. கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். வூடு என்று காதில் விழுந்ததும் வீடு என்று கருவியில் பதிந்து, எண் போட்டு, உரிமையாளர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கணக்குப்படி காளிக்கு மூன்று வீடு. அதில் ஒன்று தகரக் கூரை போட்ட நல்ல வீடு.

"ஆட்டுக்கு மட்டும் ஷீட்டு எப்படி வந்துச்சி?"

"லோன் போட்டு வாங்கினேன். ஆடு நனைஞ்சா சளி புடிச்சி செத்துப்போவும் சார். நான் நனைஞ்சா காய்ச்சல் வந்து எந்திரிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். அரசு கட்டித் தரும் வீட்டுக்கு அவர் மனு போட்டு வெகுநாள் காத்திருந்து, அந்த ஆண்டுதான் பட்டியலில் பெயர் வந்திருந்தது. பெயரில் வேறு வீடு இல்லை என்று பேரூராட்சி சான்று தர வேண்டும். சான்று கேட்கப் போனபோது, "உங்களுக்குத்தான் மூணு வீடு இருக்குதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வரி கூட கட்டிடுவேன் சார். அடுத்த மழைக்கு இந்த இன்னொரு சுவரு நிக்காது. அதுக்குள்ள இன்னா பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

கீழே இறங்கும்போதே செய்தி என் தலையில் எழுதி முடிந்திருந்தது. தலைப்பு முதற்கொண்டு. மூன்றாவது விதி மட்டும் பாக்கி. செயல் அலுவலரைப் பார்க்கப் போனேன்.

அவர் நல்ல மனிதர். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். "பார்த்துக்கலாங்க சார்" என்பார், பாதியை உண்மையாகவே பார்ப்பார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"மேல போனவங்க கொட்டகையெல்லாம் சேர்த்துட்டாங்க. கணக்கு வந்த அன்னிக்கே தெரிஞ்சிடுச்சி. திருத்தறதுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்பத்தான் இதைப் பார்த்தேன்." உத்தேச பட்ஜெட்டில் செலவுப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். மலை வார்டுக்கு மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி, குழாய்.

"வீடு இத்தனை இருந்தாத்தான் சார் மேல்நிலைத் தொட்டி குடுப்பாங்க. இதுவரைக்கும் அந்த வார்டு எட்டல. ஒவ்வொரு வருஷமும் கேட்டேன், திருப்பி அனுப்பினாங்க. இந்தக் கணக்குல எட்டிடுச்சி. நான் தப்பா எழுதல. எழுதினதைத் திருத்தல. அவ்ளோதான்."

"கொட்டகைக்கு வரி?"

"சொற்பம் சார். தொட்டி வந்த பிறகு ஆட்சேபணை மனு குடுக்கச் சொல்லி ஒவ்வொண்ணா எடுத்துடலாம்னு இருந்தேன்."

"காளிக்கு வீடு?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். காளியின் கொட்டகையை மட்டும் எடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள். எல்லாவற்றையும் எடுத்தால் தொட்டி போய்விடும். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு அது புரிந்தது.

"நீங்க எழுதிட்டா தொட்டி போயிடும் சார்" என்று மட்டும் சொன்னார்.

சந்தை நாளன்று மல்லிகா என்னைத் தேடி வந்தார். புளி மூட்டையை விற்றுவிட்டு, கையில் சாக்கை மடித்து வைத்திருந்தார். செயல் அலுவலர் அவரிடமும் பேசியிருந்தார்.

"அண்ணே, எழுதாதீங்க."

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"கூப்ட்டேன். அப்ப தொட்டி தெரியாது." சாக்கைப் பிரித்தார், மறுபடி மடித்தார். "என் மருமவ மாசமா இருக்கிறா. அவளும் ஓடைக்குத்தான் போறா. காளி மாமனுக்கு நாங்க ஊரே சேர்ந்து சுவரு வெச்சிக் குடுத்துடுவோம்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"'உனக்கு ஓட்டு போட்டது நான்தானே'ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

அன்று மாலை வேலூருக்குப் பேசினேன். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கோதண்டம் சாரிடம் சொன்னேன். ஆட்டு வீடு என்றபோது கடலைத் தோல் நொறுங்கிக்கொண்டிருந்தது. தொட்டி என்றதும் நின்றது. நீண்ட நேரம் நின்றது. எங்கே தவறினேன் என்று வழக்கம்போலத் தேடினேன். கிடைக்கவில்லை.

"தப்பு உன் பேர்ல இல்ல" என்றார் கடைசியில். "எனக்கே தெரியல, அதான் பேசல." அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"போடலாமா சார், வேணாமா?"

"எழுதினா யாருக்கு நஷ்டம்? எழுதலன்னா யாருக்கு? ரெண்டு பேரையும் எழுது. எது பெருசுன்னு நீ தீர்ப்பு சொல்லாதே, நாம கோர்ட்டு இல்ல. ஆனா கூட்டம் முடியட்டும். அந்தம்மா மன்றத்துல கேக்கறாங்களா பாரு. கேட்டா அவங்க வாயால வரட்டும்."

கூட்டம் நடந்த அன்று நிருபர்களுக்கான பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். தலைவர் வந்தார், எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். உத்தேச வரவு செலவு என்று அவர் வாய் திறந்ததும் பின்வரிசை மூச்சை இழுத்துக்கொண்டது. அதற்குள் மல்லிகா எழுந்துவிட்டார்.

"தலைவரே, எங்க வார்டுல ஆட்டு வூட்டுக்குக் கதவு நம்பர் போட்டுட்டாங்க."

மன்றம் சிரித்தது. அரிசி ஆலை வைத்திருக்கும் உறுப்பினர், "அப்போ ஆட்டுக்கு ஓட்டும் உண்டாம்மா?" என்றார்.

"இருந்தா உங்களுக்கு விழாதுங்க. ஆடு மோந்து பார்த்துட்டுத்தான் வாய் வைக்கும்."

இப்போது இன்னும் பெரிய சிரிப்பு. ஆலைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மல்லிகா சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அந்த நம்பரையெல்லாம் எடுத்துடுங்க. ஒருத்தருக்கு அதனால வூடு வராம நிக்குது. நம்பரை எடுத்தா தொட்டி போயிடும்னு சொல்றாங்க. தொட்டியை எடுக்காதீங்க. வூட்டை எண்ணித் தண்ணி குடுக்காதீங்க தலைவரே. பொம்பளைங்க நடக்கிற தூரத்தைப் பார்த்துக் குடுங்க."

செயல் அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல கோரிக்கைதாம்மா. பார்த்துக்கலாம், உட்காருங்க. மத்த பொருள்..."

"ஆல் பாஸ்!"

மேசைகள் தட்டப்பட்டன. மல்லிகா உட்காரவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருவர் மட்டும் நிற்பது முதலில் நன்றாகத் தெரிந்தது. பிறகு தலைவர் எழுந்தார். உறுப்பினர்கள் எழுந்தார்கள். டீ வந்தது. எல்லோரும் நிற்கத் தொடங்கிய பிறகு மல்லிகா நின்றுகொண்டிருப்பது தெரியாமல் போய்விட்டது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் "தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின" என்று எழுதினார்கள்.

செய்தியை எழுதினேன். காளியின் சுவரையும் எழுதினேன், பெண்கள் ஏறி வந்த வழியையும் எழுதினேன். செயல் அலுவலர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை அவரிடம் மறுபடி கேட்டு, தன் பெயரில் வரலாம் என்று அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் எழுதினேன். கோதண்டம் சார் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கடைசிப் பத்தியில் மல்லிகாவின் பேச்சு அப்படியே வந்தது.

மறு கணக்கெடுப்புக்கு உத்தரவு வந்தது. கொட்டகைகள் எல்லாம் நீக்கப்பட்டன. காளிக்குச் சான்று கிடைத்தது. அடுத்த மழையைத் தார்ப்பாயோடு கழித்தார், அதற்கடுத்த மழைக்குச் சிமென்ட் கூரைக்குக் கீழே இருந்தார். தொட்டி அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து அடுத்த ஆண்டு உத்தேசத்துக்குப் போனது. அங்கிருந்து அடுத்த ஆண்டுக்கு. மல்லிகாவின் பதவிக்காலம் முடிந்தது. கோதண்டம் சாரும் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். செலவுப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் ஓய்வு பெறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் மாதத்தில் மல்லிகா கூப்பிடுவார்.

"அண்ணே, எங்க தொட்டி இருக்குதா?"

"இருக்குதும்மா. உத்தேசமா."

"சரி, இருக்கட்டும்" என்பார். சிரிப்பது போல ஒரு சத்தம் வரும். பேரப்பிள்ளை இப்போது தானே ஓடைக்கு இறங்குகிறது என்று போன ஆண்டு சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். அன்றும் நான் பேருந்து நிலையம் வரை நடந்தேன்.

இனி தினேஷ் அனுப்பிய கோப்பு. வழக்கம்போலச் செலவுப் பக்கத்திலிருந்து படித்தேன். குடிநீர்த் தலைப்பில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தேன். அந்த வரி இல்லை. வேறு தலைப்புக்கு மாறியிருக்குமோ என்று எல்லாப் பக்கங்களையும் பார்த்தேன். இல்லை. தினேஷைக் கூப்பிட்டேன்.

"அதுவா சார்? ரொம்ப வருஷமா கிடந்த ஐட்டம்னு எடுத்துட்டாங்களாம். ஆபீஸ்ல சொன்னாங்க."

"அந்த வார்டு கவுன்சிலர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரா இல்லையான்னு இந்தக் கோப்புல எப்படி சார் தெரியும்?"

அவர் கேட்டது நியாயம். கூட்டம் இன்னும் நடக்கவில்லை, வெள்ளிக்கிழமைதான். நடந்த பிறகும் கோப்பில் அது இருக்காது.

மல்லிகா கூப்பிடும்வரை காத்திருக்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன்.

"தொட்டி இல்லம்மா இந்த வருஷம்."

"உத்தேசமாவும் இல்லையா?"

"இல்ல."

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. யாரையோ அதட்டினார். திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"கூட்டம் என்னிக்கு அண்ணே?"

"வெள்ளிக்கிழமை."

"உள்ள உடுவாங்களா?"

"பார்க்க வர்றவங்களுக்குப் பின்னாடி பெஞ்சு இருக்குது. கேக்கறதுக்கு உரிமை இல்ல, உட்காரலாம்."

"உட்காரத் தேவையில்ல. நிக்கறதுக்கு நாலு பேருக்கு இடம் புடிச்சி வைங்க. காளி மாமனை இட்டுக்கினு வர்றேன். அவருக்குத்தான் வூடு வந்துச்சி, அவரு வந்து நிக்கட்டும்."

"ஆல் பாஸ் சொல்றதுக்கு முன்னாடி வந்துடணும்மா."

"அது எனக்கா சொல்றீங்க?" என்று வைத்துவிட்டார்.

உடனே தினேஷை மறுபடி கூப்பிட்டேன். பட்ஜெட்டில் என்ன செய்தி என்று அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வந்துடுங்க தம்பி. சீக்கிரமா வாங்க."

"இன்னா சார் நியூஸ்?"

"தெரியாது. அதனாலதான் வரச் சொல்றேன்."